டாக்ஸாபெக்ஸோடு மல்லுக்கு நிற்பது எப்படி

அந்த ஆட்டம் 71 டர்ன் ஓடியது. நான் ஈரோட்டில், தம்பி கோயம்புத்தூர் ஹாஸ்டலில், நடுவில் போக்கிமான் ஷோடவுன், அதாவது நெட்டில் ஆளுக்கு ஆறு போக்கிமானை மோதவிடுகிற ஆட்டம். என் டீமில் இருந்த ஆறும் ஓங்கி அடிக்கிற ஜாதி. அவனிடம் ஒரு டாக்ஸாபெக்ஸ், எளிதில் சாகாத விஷப் போக்கிமான். விஷம் ஏற்றும், கதவைச் சாத்திக்கொள்ளும், ரெகவர் போட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளும், மறுபடி விஷம். என் ஆறும் ஒவ்வொன்றாக நுரை தள்ளிச் சரிந்தன. முடிந்ததும் வாய்ஸ் நோட் வந்தது: "அக்கா, நான் உன்னை ஒரு தடவைகூட ஒழுங்கா அடிக்கவே இல்ல, பாத்தியா?"

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டதுதான் இது. கடையில் பில் போடுகிறவளுக்குக் கணக்கு ஒன்றும் புதிதில்லை. நான் சொல்வதெல்லாம் ஒன்பதாம் தலைமுறை, ஸ்கார்லெட் வயலெட் ஆட்டத்துக்கு. ஒற்றைக்கு ஒற்றை சண்டைதான் பெரும்பாலும்.

முதலில் விஷம் எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிடுவோம். சாதா விஷம் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மொத்த எச்பியில், அதாவது உயிர்ப் புள்ளியில், எட்டில் ஒரு பங்கைத் தின்னும். டாக்ஸிக் மூவ் ஏற்றும் விஷம் வேறு ரகம். முதல் டர்னில் பதினாறில் ஒரு பங்கு, அடுத்தது இரண்டு பங்கு, அடுத்தது மூன்று என்று கந்து வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். 320 எச்பி உள்ள போக்கிமானை எடுத்துக்கொள்ளுங்கள். 20, 40, 60, 80, 100. ஐந்தாவது டர்ன் முடிவில் 300 போய் 20 மிச்சம். ஆறாவது டர்னைத் தாண்டாது.

இதில் என் கண்ணில் பட்ட விஷயம், முதல் மூன்று டர்னைக் கூட்டினால் 120தான் வருகிறது. சாதா விஷமும் மூன்று டர்னில் அதே 120தான் எடுக்கும். நாலாவது டர்னிலிருந்துதான் டாக்ஸிக் தன் வேலையைக் காட்டுகிறது. அந்தப் போக்கிமானை வெளியே இழுத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விஷம் போகாது, வட்டி மட்டும் பழையபடி பதினாறில் ஒன்றுக்கு இறங்கிவிடும். ஆகவே விஷம் ஏறிய போக்கிமானை மூன்று டர்னுக்கு மேல் களத்தில் வைக்காதீர்கள். "இன்னும் ஒரே ஒரு அடி, செத்துடும்" என்று நான்காவது டர்னில் நிற்கத் தோன்றும். அந்த 71 டர்ன் ஆட்டத்தில் நான்கு போக்கிமானை நான் இழந்தது இந்த ஒரே ஒரு அடிக்காகத்தான்.

விஷமே ஏறாதவர்களைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒன்றோ இரண்டோ டைப், அதாவது இனம், உண்டு; ஸ்டீல் டைப்புக்கும் பாய்சன் டைப்புக்கும் விஷம் ஏறாது. ஸ்டீல் மீது பாய்சன் அடியே படாது. விஷம் ஏற்றுவதில் ஒரே விதிவிலக்கு கொரோஷன் என்ற எபிலிட்டி, அதாவது பிறவிக் குணம். சலாசிலிடமும் சில கிளிமோராவிடமும் இருக்கும், அது ஸ்டீலையும் விட்டுவைக்காது. கோல்டெங்கோ ஸ்டீல் மட்டுமல்ல, அதன் எபிலிட்டியால் டாக்ஸிக் போன்ற ஸ்டேட்டஸ் மூவ் எதுவுமே அதன் மேல் ஒட்டாது. டாக்ஸிக் குறி தப்பும் என்று நம்பி உட்காராதீர்கள். மற்றவர்கள் போட்டால் 90 சதவீதம்தான், பாய்சன் டைப் போட்டால் தப்பவே தப்பாது.

சரி, அடிக்கிற பக்கம் வருவோம். பாய்சனுக்கு ஆகாதது கிரவுண்டும் சைக்கிக்கும். இது எல்லாருக்கும் தெரியும், பாதிப் பேர் தோற்பதும் இதனால்தான். பாய்சனைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு எர்த்குவேக் என்ற கிரவுண்ட் அடியை அழுத்துகிறார்கள். வீசிங்கிடம் மிதக்க வைக்கிற லெவிடேட் எபிலிட்டி இருந்தால் எர்த்குவேக் காற்றில் போகும். அமூங்கஸ் பாதி கிராஸ் என்பதால் கிரவுண்ட் அடி சாதாரணமாகத்தான் விழும். அதற்கு நெருப்போ பனியோ வேண்டும். ஸ்கன்டேங்க் பாதி டார்க், அதன் மேல் சைக்கிக் சுத்தமாக வேலை செய்யாது, ஆகாதது கிரவுண்ட் ஒன்றுதான். கெங்கார் கதை தலைகீழ். முன்பு லெவிடேட்டில் மிதந்துகொண்டிருந்தது, 2016இல் சன் மூன் வந்தபோது அதைப் பிடுங்கிவிட்டார்கள். பழைய ஞாபகத்தில் இன்னும் கெங்கார் மேல் கிரவுண்ட் அடிக்கத் தயங்குகிறவர்களைப் பார்க்கிறேன். தாராளமாக அடிக்கலாம்.

மிதக்கிற வீசிங்குக்கு மருந்து எக்ஸ்கட்ரில். மோல்டு பிரேக்கர் எபிலிட்டி இருந்தால் அதன் எர்த்குவேக் லெவிடேட்டைக் கண்டுகொள்ளாது. உடம்பு ஸ்டீல் என்பதால் விஷமும் ஏறாது. வீசிங் வில்-ஓ-விஸ்ப் போட்டுச் சூடு வைத்துவிட்டால் மட்டும் தாக்குதல் பாதியாகிவிடும், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

இனி நம்ம ஆள், டாக்ஸாபெக்ஸ். ஃபிசிக்கல் அடியைத் தாங்கும் டிஃபென்ஸ் 152, ஸ்பெஷல் அடியைத் தாங்கும் ஸ்பெஷல் டிஃபென்ஸ் 142, ஆனால் அடிப்படை எச்பி வெறும் 50. பயிற்சிப் புள்ளியை எச்பியில் முழுக்க ஏற்றினாலும் ஆட்டத்தில் 304தான். வெளியே போனால் ரீஜெனரேட்டர் எபிலிட்டியால் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வந்துவிடும். டிஃபென்ஸை முழுக்க ஏற்றிய டாக்ஸாபெக்ஸ் மேல் முழுத் தாக்குதலும் வேகமும் ஏற்றிய எக்ஸ்கட்ரில் எர்த்குவேக் அடித்தால் 180 முதல் 212 வரை போகிறது. பார்க்க நல்ல அடி. ஆனால் அது ஒரு ரெகவர் போட்டால் 152 ஏறிவிடுகிறதே! இப்படி மாறி மாறிப் போனால் கிணற்றில் ஓட்டை வாளியை விட்டு இறைத்த கதைதான். ஸ்வார்ட்ஸ் டான்ஸ் ஆடி பலத்தை இரட்டிப்பாக்கலாம் என்று நானும் ஆடினேன். அவன் ஹேஸ் போட்டான். ஆடியதெல்லாம் ஒரே ஊதலில் போச்சு.

எனக்குக் கிடைத்த மருந்து அர்சலூனா. கட்ஸ் எபிலிட்டி, கையில் ஃபிளேம் ஆர்ப் என்ற பொருள். உள்ளே வந்த டர்ன் முடிவில் அதற்குத் தானே சூடு பட்டுவிடும். ஒரு நோய் இருக்கிற உடம்பில் இன்னொரு நோய் ஏறாது, எனவே டாக்ஸிக் இனி செல்லாது. சூடு பட்டவனுக்குக் கட்ஸ் தாக்குதலை ஒன்றரை மடங்காக்கும். இது எபிலிட்டியில் வருகிற பலம் என்பதால் ஹேஸ் அதைத் தொடவே முடியாது. தாக்குதலை முழுக்க ஏற்றி ஹெட்லாங் ரஷ் அடித்தால், டிஃபென்ஸை முழுக்க ஏற்றிய டாக்ஸாபெக்ஸும் ஒரே அடியில் காலி. எர்த்குவேக்கே போதும், மிகக் குறைந்த அடியே 306 வருகிறது. 304க்கு 306. நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

ஆர்ப் வேலை செய்ய ஒரு டர்ன் வேண்டும் என்பது மட்டும் சிக்கல். அதனால் டாக்ஸாபெக்ஸ் ரெகவர் போடப் போகிற டர்னிலோ, நம் ஆள் ஒருவர் விழுந்த பிறகோ அர்சலூனாவை இறக்குங்கள். அடிக்கப் போகிற டர்னில் எதிராளி பேன்ஃபுல் பங்கர் போட்டுக் கதவைச் சாத்தலாம். அதைத் தொட்டு அடித்தால் விஷம் ஏறும், ஆனால் ஏற்கனவே சூடு பட்டவனுக்கு ஏறாது. ஒரு டர்ன் வீண், அவ்வளவுதான்.

அர்சலூனா பிடிக்காதவர்களுக்கு கிளைஸ்கார். பாய்சன் ஹீல் எபிலிட்டியோடு டாக்ஸிக் ஆர்ப் வைத்தால் விஷமே அதற்குச் சாப்பாடு, டர்னுக்கு எட்டில் ஒரு பங்கு ஏறும். டாக்ஸாபெக்ஸ் எதிரே நின்றதும் முதல் வேலையாக டான்ட் போடுங்கள். ரெகவர், ஹேஸ், டாக்ஸிக், பங்கர் நான்கும் அடைபட்டுவிடும். பிறகு எர்த்குவேக். டான்ட் மூன்று டர்னில் தீர்ந்துவிடும், மறக்காமல் திரும்பப் போட வேண்டும். சர்ஃப் வைத்திருந்தால் வலிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் கையில் இல்லையென்றால் எண்ணத் தொடங்குங்கள். இந்தத் தலைமுறையில் ரெகவர் எட்டு முறைதான், முன்பு பதினாறு. காகிதத்தில் கோடு போட்டு எண்ணுகிறேன், கடையில் மூட்டை எண்ணுவது போல. எட்டு கோடு விழுந்த பிறகு டாக்ஸாபெக்ஸ் ஒரு நீல நிற மூட்டைதான். நாக் ஆஃப் இருந்தால் ஆரம்பத்திலேயே கையிலிருக்கிற, டர்னுக்குக் கொஞ்சம் எச்பி ஏற்றுகிற பிளாக் ஸ்லட்ஜைத் தட்டிவிடுங்கள்.

தரையில் கிடக்கிற விஷ முள், அதாவது டாக்ஸிக் ஸ்பைக்ஸ், இன்னொரு தலைவலி. ஒரு லேயர் என்றால் சாதா விஷம், இரண்டு லேயர் என்றால் கந்து வட்டி. முள்ளை முள்ளால் எடு என்பது இங்கே அப்படியே பலிக்கும்: தரையில் கால் ஊன்றி நிற்கிற பாய்சன் டைப் எதையாவது நம் பக்கம் இறக்கினால் அது முள்ளை உறிஞ்சிவிடும். நான் கிளாட்சையர் வைத்திருக்கிறேன். மிதக்கிற பாய்சனால் ஆகாது. எக்ஸ்கட்ரில் உறிஞ்சாது, ஆனால் ரேபிட் ஸ்பின் சுற்றித் துடைத்துவிடும்.

அந்த முள்ளை நாமே வாங்கிக்கொள்கிற இடமும் ஒன்று உண்டு. கிளிமோராவுக்குக் கிரவுண்ட் நாலு மடங்கு வலிக்கும் என்று தெரிந்ததும் நான் ஆசையாக எர்த்குவேக் அடித்தேன். ஃபோகஸ் சேஷ் கட்டியிருந்தது, 1 எச்பியில் நின்றது. அதன் டாக்ஸிக் டெப்ரி எபிலிட்டிக்கு ஃபிசிக்கல் அடி பட்டால் போதும், நம் காலடியில் ஒரு லேயர் முள் உதிரும். நான் அடித்த அடிக்கு எனக்கே முள். எர்த் பவர் மாதிரி ஸ்பெஷல் மூவால் அடித்தால் முள் உதிராது.

எதிராளியிடமே கிளாட்சையர் இருந்தால்? அன்அவேர் வைத்த கிளாட்சையரிடம் ஆடி ஏற்றிய பலம் எதுவும் செல்லாது. ஸ்பெஷல் டிஃபென்ஸ் 100, டிஃபென்ஸ் 60. சைக்கிக் மூவுக்குப் பதில் சைஷாக் போடுங்கள். அது ஸ்பெஷல் அடி என்றாலும் சாதா டிஃபென்ஸில்தான் போய் விழும்.

இரட்டையர் சண்டை நான் அதிகம் ஆடுவதில்லை. அமூங்கஸ் மட்டும் தூக்கத்தைக் கெடுக்கும், சரியாகச் சொன்னால் தூங்க வைத்துக் கெடுக்கும். ஸ்போர் தப்பவே தப்பாது. கிராஸ் டைப்போ சேஃப்டி காகிள்ஸோ இருந்தால் ஸ்போரும், அடியைத் தன் பக்கம் இழுக்கிற ரேஜ் பவுடரும் இரண்டும் செல்லாது. ஸ்னீஸ்லர் எதிரே வந்தால் சைக்கிக் நாலு மடங்கு.

டெரா, அதாவது ஆட்டத்தின் நடுவில் டைப்பை மாற்றிக்கொள்கிற வித்தை, அதைப் பற்றி ஒரு வார்த்தை. எதிராளி ஃபிளையிங் டெராவுக்கு மாறினால் உங்கள் கிரவுண்ட் அடியெல்லாம் வீண், அந்த டர்னை மனசில் வைத்து ஆடுங்கள். நாம் ஸ்டீல் டெராவுக்கு மாறினால் இனி விஷம் ஏறாது, ஆனால் ஏற்கனவே ஏறிய விஷம் அப்படியே இருக்கும். அந்த 71 டர்ன் ஆட்டத்தில் இதைத் தெரியாமல் செய்துவிட்டு, "ஏண்டா இன்னும் குறையுது?" என்று தம்பிக்கே போன் பண்ணிக் கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

போன வாரம் அர்சலூனா அவன் டாக்ஸாபெக்ஸை ஒரே அடியில் சாய்த்தது. கொஞ்ச நேரம் சாட்டில் சத்தமே இல்லை. பிறகு, "யக்கா, இது எங்க படிச்ச?" என்று வந்தது. இப்போது டாக்ஸாபெக்ஸை எடுத்துவிட்டு கிளிமோராவை முதலில் அனுப்புகிறான், நான் பழையபடி எர்த்குவேக்கோடு வருவேன் என்ற தைரியத்தில். என் லேண்டோரஸில் எர்த் பவர் ஏற்றியிருக்கிறேன், சனிக்கிழமை வரை இதை அவன் படிக்காமல் இருக்க வேண்டும்.