பல துறை அறிவியலில் வேலை செய்ய ஆசையா? முதலில் பிரச்சினையைப் பிடியுங்கள்

உயிரியலும் பிடிக்கும், கணினியும் பிடிக்கும், எதை எடுப்பது என்று குழம்பும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. துறையைத் தேடாதீர்கள், மக்களை வாட்டும் ஒரு பிரச்சினையைத் தேடுங்கள். எந்தெந்தத் துறை வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லைப் பாருங்கள். பாக்டீரியாவியலும் மரபியலும் படித்துவிட்டு, கடலியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். காலரா கிருமி, நீரில் வாழும் கோப்பிபாட் என்ற நுண்ணிய உயிரிகளில் ஒட்டிக்கொண்டிருப்பதை அவரது குழு காட்டியது. அப்படியானால் கிருமியைத் தனியாக வடிகட்ட வேண்டியதில்லை, அந்த உயிரியைத் தடுத்தாலே பெரும்பகுதி நின்றுவிடும். வங்கதேசத்தின் மத்லாப் கிராமங்களில் பெண்கள் சேலைத் துணியை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடத்தின் வாயில் போட்டு நீர் மொண்டார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆய்வு 2003-இல் வெளியானது. புதுச் சேலையைவிடப் பழையதே நன்றாக வடிகட்டியது. துவைத்துத் துவைத்து நூல் நைந்து, இடைவெளி சுருங்கிவிடுகிறதே!

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒரு துறையில் ஆழமாகக் கால் ஊன்றுங்கள். அரைகுறையாக நாலு தெரிந்தவரை எந்தக் குழுவும் தேடாது. இரண்டாவது துறைக்காரர்களின் வாராந்தர ஆய்வுக் கூட்டத்தில் ஒரு செமஸ்டர் உட்கார்ந்து கேளுங்கள். புள்ளியியல் கட்டாயம். அப்புறம், ஆய்வுத் திட்டம் எழுதுமுன் அந்த ஊருக்குப் போய், மக்கள் இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.