வெந்தய வரியனின் ஆப்பிரிக்க வடிவங்களைப் பிரித்தறிவது எப்படி?

எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியனை நம் ஊரில் அறியாதவர் குறைவு. 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட இந்த இனம், டனாஸ் கிரிசிப்பஸ், ஆப்பிரிக்காவிலும் பரவலாக வாழ்கிறது. ஆனால் நம்மிடையே ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் பறக்கும் அதன் சிறகுகள், சகாராவுக்குத் தெற்கே இடத்துக்கு இடம் மாறுகின்றன. தென்பகுதியில் ஓரியன்டிஸ், மேற்கில் அல்சிப்பஸ், சோமாலியாவிலும் கென்யாவின் வறண்ட நிலங்களிலும் டோரிப்பஸ் என்று வடிவங்களுக்குப் பெயர்கள் உண்டு. இவை கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய நாடுகளில் ஒன்றோடொன்று கலப்பதால், அங்கே எடுத்த படங்களைப் பார்த்து ஒரே பார்வையில் பெயர் சொல்லிவிட முடியாது. சிறகை ஒரு வரிசைப்படி படிக்கப் பழகிக்கொள்வதே நல்லது.

முதலில், பார்ப்பது வெந்தய வரியன்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். எருக்கு இனச் செடிகளைத் தின்று வளரும் இதன் உடலில் நச்சு சேரக்கூடும் என்பதால் பறவைகள் இதைத் தவிர்க்கின்றன. அந்தப் பாதுகாப்பை இரவல் வாங்கும் ஹைபோலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்கள் வெந்தய வரியனைப் போலவே தோற்றம் கொண்டுள்ளன. கறுப்பு முனை கொண்டவை, முனையில்லாதவை, வெண்மையான பின்சிறகு கொண்டவை என மூலத்தின் வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற நகல் உண்டு என்பதால், நிறத்தை நம்பிப் பயனில்லை. பின்சிறகின் மேற்புறத்தைப் பாருங்கள். போலியில் முன் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். வெந்தய வரியனில் சிறகின் நடுப்பகுதியில் நரம்புகளை ஒட்டி மூன்று அல்லது நான்கு கறுப்புப் புள்ளிகள் அமைந்திருக்கும்.

அந்த எண்ணிக்கையே பாலினத்தையும் சொல்லிவிடும். பெண்ணுக்கு மூன்று, ஆணுக்கு நான்கு. நான்காவது, நடுவில் வெளிறிய, சற்றுப் பருத்த வாசனைப் பை. சிறகை மூடி அமர்ந்திருக்கும்போதும் இந்தப் பை அடிப்புறத்தில் தெளிவாகத் தெரியும்.

அடுத்து முன்சிறகின் முனை. நமக்குப் பழக்கமான தோற்றத்தில் முனை கறுப்பாகவும், அதன் குறுக்கே ஒரு வெண்பட்டையுமாக இருக்கும். ஓரியன்டிஸ், அல்சிப்பஸ் இரண்டிலும் இதே அமைப்புதான். டோரிப்பஸில் அந்தக் கறுப்பும் வெண்பட்டையும் இல்லாமல், முன்சிறகு முழுவதும் ஒரே செம்மஞ்சளாக, மெல்லிய கறுப்பு விளிம்போடு நிற்கும். முனையில்லாமைக்கான மரபணு வடிவம் ஓங்கு பண்புடையது. ஆகவே ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அதைப் பெற்ற கலப்புப் பூச்சியும் டோரிப்பஸ் போலவே தோன்றக்கூடும். ஆனால் அத்தகைய பூச்சியில் வெண்பட்டை இருந்திருக்க வேண்டிய இடத்தில், குறிப்பாக அடிப்புறத்தில், மங்கலான வெண்புள்ளிகள் பலமுறை எஞ்சியிருக்கும். மேற்புறப் படம் எவ்வளவு அழகாக அமைந்தாலும் அடிப்புறப் படமும் எடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

பின்சிறகின் வெண்மை அல்சிப்பஸின் அடையாளம். நரம்புகளுக்கு இடையே சீராகப் பரவிய வெண்மையையே கணக்கில் கொள்ளுங்கள். செதில் உதிர்ந்து வெளிறிய இடம் ஒழுங்கற்று, கண்ணாடி போல் ஊடுதெரியும். வெயிலை எதிர்நோக்கி எடுத்த படங்களிலும் பின்சிறகு பொய்யாக வெளுத்துத் தோன்றும் என்பதால், அவற்றை ஒதுக்கிவிடலாம்.

அடிநிறத்தைக் கடைசியில் பாருங்கள். ஓரியன்டிஸின் முன்சிறகு செம்மஞ்சளைவிட ஆழ்ந்த பழுப்பாக இருக்கும் என்றாலும், வயதான பூச்சியில் அது வெளிறிவிடுகிறது. விளிம்பு கிழிந்த பூச்சியின் நிறத்தை வைத்து முடிவெடுக்கவே கூடாது.

இவ்வளவும் பார்த்தபின் வடிவத்தின் பெயரை மட்டும் எழுதி வைப்பது போதாது. முனையையும் அடிநிறத்தையும் தீர்மானிக்கும் பகுதிகள் 15-ஆம் குரோமோசோமில் பிணைந்து ஒன்றாகவே கடத்தப்படுகின்றன. பின்சிறகின் வெண்மை அதிலிருந்து தனித்து வருவது. எனவே முனையே இல்லாமல் பின்சிறகு மட்டும் வெளுத்த பூச்சியும் கலப்புப் பகுதியில் உண்டு. அதை ஏதேனும் ஒரு பெயருக்குள் திணித்தால் அதன் பாதிச் செய்தி காணாமல் போய்விடும். முனை, பின்சிறகு, அடிநிறம், பால் என்று நான்கு பத்திகளாகக் குறிப்பேட்டைப் பிரித்து, தெரியாததை வெறுமையாக விடுங்கள்.

பால் பத்தியைக் கென்யாவில் எவரும் தவிர்க்கக் கூடாது. நைரோபியைச் சுற்றிய பகுதியில் ஸ்பைரோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தாயிடமிருந்து முட்டைக்குள் சென்று ஆண் குஞ்சுகளை மட்டும் கொன்றுவிடுவதால், அங்கே பெண்களே மிகுதி. தொற்றுள்ள பெண்களில் 15-ஆம் குரோமோசோம் ஒன்று பெண்பால் குரோமோசோமோடு இணைந்துவிட்டது என்றும், அந்த இணைப்பு ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்குள் பரவியது என்றும் 2020-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. அந்தக் குரோமோசோம் சுமப்பது ஒடுங்கு பண்புடைய, அதாவது ஓங்கு பண்பு உடனிருந்தால் வெளியே தெரியாத, நிற வடிவம் என்பதால், மகள்களின் சிறகு எப்படி அமையும் என்பது, வெளியிலிருந்து வந்து சேரும் தொற்றில்லாத ஆண்களைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. ஆகவே அங்கே எடுக்கும் ஒவ்வொரு பதிவிலும் தேதி இருக்க வேண்டும். ஓர் ஆண்டின் விகிதத்தை அந்த ஊரின் நிலையான விகிதமாகக் கொள்ள முடியாது. எண்ணும் இடமும் முக்கியம். வாடிய தேள்கொடுக்குச் செடியின் ஆல்கலாய்டுகளைத் தேடி ஆண்கள் கூட்டமாக வந்து மொய்க்கும் என்பதால், அங்கே எடுத்த கணக்கைப் பூக்களில் எடுத்த கணக்கோடு சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும்.