சுரங்கத் தூசு தின்ற நெஞ்சுக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது

என் மாமனார் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைக்கிற மெஷின் பிடித்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். உள்ளே போன சிலிகா என்ற பாறைத் தூள் அவர் நுரையீரலிலேயே தங்கி, தழும்பாகிவிட்டது. அதை வெளியே எடுக்க மருந்து கிடையாது. சாப்பாட்டால் முடிவது உடம்பு இளைக்காமல் காப்பதுதான்.

தூசில் வேலை செய்கிறவர்கள் பலர், வெல்லம் நெஞ்சிலிருக்கும் தூசை வெளியேற்றும் என்று நம்புகிறார்கள். 1994-ல் லக்னோவில் எலிகளுக்கு வெல்லம் கொடுத்துப் பார்த்தபோது, நுரையீரலிலிருந்து தூசுத் துகள்கள் நகர்வது கூடியதாம். எலி வேறு, மனிதன் வேறு. சர்க்கரை நோய் இல்லையென்றால் கஞ்சியில் போடுங்கள், அவ்வளவுதான்.

சத்து மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். புகைபிடிப்பவர்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தூசில் வேலை செய்தவர்களுக்கும் கேரட்டில் இருக்கும் சத்தான பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் மாத்திரையாகக் கொடுத்த அமெரிக்க ஆய்வை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 28 சதவீதம் கூடியிருந்தது. கேரட் பொரியலுக்குப் பயப்பட வேண்டாம். டாக்டர் சொல்லாத மாத்திரைக்குப் பயப்படுங்கள்.

மூச்சு வாங்குகிறவருக்கு வயிறு முட்டினால் நெஞ்சு ஏறி இறங்க இடமிருக்காது. அதனால் மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். குளித்த உடனே சாப்பாடு வைக்காதீர்கள். அரை மணி உட்காரட்டும். ஆக்சிஜன் குழாய் இருந்தால் சாப்பிடும்போதும் மூக்கிலேயே இருக்கட்டும். தண்ணீரும் ரசமும் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், வயிறு அதிலேயே நிறைந்துவிடும்.

எங்கள் பக்கம் ராகிக்களியை மெல்லாமல் விழுங்குவோம். விழுங்கும் நேரம் மூச்சை நிறுத்த வேண்டும், அது இவர்களால் ஆகாது. களியைக் குழம்பிலேயே கரைத்து, அவித்த முட்டையை மசித்துச் சேர்த்து, ஸ்பூனால் கொடுங்கள். காலையில் ராகிக்கஞ்சியில் பாலும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும். வெறும் அரிசிக்கஞ்சி தெம்பு தராது.

வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். எடை இறங்கினாலோ, சாயங்காலக் காய்ச்சல் வந்தாலோ, இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். சிலிகா படிந்த நுரையீரலை டிபி சுலபமாகப் பிடிக்கும். டிபி என்று தெரிந்தால் ஐசோநியாசிட் என்ற டிபி மருந்தோடு தரும் பி6 மாத்திரையை விட்டுவிடாதீர்கள், கைகால் நரம்புக்கு அது வேண்டும். சிகிச்சைக் காலத்தில் சாப்பாட்டுக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. பெயர் பதியும்போதே பாஸ்புக்கைக் கொடுத்துவிடுங்கள்.