வள்ளிக்கு ஒரு சுருதி, வேலனுக்கு ஒரு சுருதி

சேலம் அம்மாபேட்டையில் தெருக்காரர்கள் சேர்ந்து, ஆடிப் பண்டிகைக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ போட்டோம். பபூன் காட்சிகள் எளிதில் அமைந்துவிட்டன. ஆனால் அந்த நாடகத்தின் உயிரே தினைப்புனத்தில் வள்ளியும் வேலனும் மாறி மாறிப் பாடும் தர்க்கம்தான். சிக்கலும் அங்கேதான்.

சுருதியின் உயரத்தைக் ‘கட்டை’ என்று எண்ணிச் சொல்வார்கள்; எண் கூடினால் சுருதியும் உயரும். எங்கள் வேலனுக்கு 1 கட்டைதான் ஒத்துவந்தது. 4 கட்டைக்கு ஏற்றினால் தொண்டை கட்டிவிடும். வள்ளியாக நடித்த அக்காவுக்கோ 1 கட்டையில் வார்த்தையே எழும்பவில்லை. நடுவில் 2 கட்டை வைத்தால் இருவருக்குமே சுகமில்லை.

அப்புறம் ஹார்மோனியம் வாசிக்கும் பெரியவரிடம், “ஐயா, ஆளுக்கொரு சுருதி வைத்தால் என்ன?” என்று கேட்டேன். 1 கட்டையின் சட்ஜமம்தான் (ஆதார சுரமான ‘ஸ’) 4 கட்டைக்குப் பஞ்சமம் (‘ப’). அந்த ஒரு சுரத்தை அவர் விடாமல் பிடித்துக்கொள்ள, வேலன் 1 கட்டையிலும் வள்ளி 4 கட்டையிலும் பாடினார்கள். மிருதங்கத்தின் சுருதியை மாற்றவே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு அழகான பொருத்தம்!

ஒன்று மட்டும் முக்கியம். ஆள் மாறும் இடத்தில் ஹார்மோனியம் கொஞ்சம் தனியாக வாசித்துப் புதிய சட்ஜமத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் பழைய சுருதியிலேயே எடுத்துவிடுவார்.