பசியைப் படிக்க மாணவர்களை அழைத்துப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை. அதில் ஒரு நாளாவது அன்னதானத்தில் போகும். கை கழுவுவது, தலைக்கு உறை போடுவது எல்லாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் சறுக்கும் இடம் வேறு.

தேதியை முதலில் முடிவு செய்வது

அக்டோபர் 2, தீபாவளி, இல்லாவிட்டால் ஒரு ஞாயிறு. அன்று முதியோர் இல்லத்துக்கு ஏற்கெனவே ஒரு பிறந்தநாள் சாப்பாடும் ஒரு திதிச் சாப்பாடும் வந்திருக்கும். மாணவர்கள் கொண்டுபோன நூறு பொட்டலத்தில் பாதி குப்பைக்குப் போகும். பிள்ளைகள் மனம் நோகக் கூடாதென்று பெரியவர்கள் மறுபடி பந்தியில் உட்காருவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது எவ்வளவு கெடுதல்! ‘இங்கே சாப்பாட்டுக்குக் குறையே இல்லை’ என்று நினைத்தபடி மாணவர்கள் வண்டி ஏறுவார்கள். பசியைத் தெரிந்துகொள்ள வந்த பிள்ளைகளை இப்படித் திருப்பி அனுப்புவதை எத்தனை முறை பார்த்தாலும் பொறுக்க முடிவதில்லை.

இரண்டு வாரம் முன்பே போய், இல்லத்தின் நன்கொடைப் பதிவேட்டை மாணவர்களையே புரட்டச் சொல்லுங்கள். ஞாயிறு மதியமும் அமாவாசையும் நிரம்பியிருக்கும். செவ்வாய் இரவு காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்த உணவே வேண்டாமென்றால் துவரம்பருப்பு, எண்ணெய், சிலிண்டர், சமையல்காரரின் ஒரு நாள் கூலி, எது தேவையென்று கேட்டுச் செய்யுங்கள்.

காலையில் கட்டி மதியம் கொடுப்பது

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு கைக்குப் போய்ச் சேர வேண்டும். சாம்பார் சாதத்துக்கு ஒரு கிலோ அரிசி 8 முதல் 10 பேருக்கு வரும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகும்.

சாப்பிடுகிறவர்களைப் படம் எடுப்பது

கூடாது.

கொடுத்த கையோடு கிளம்புவது

அன்று மாலையே ஒரு மணி நேரம் மாணவர்களை உட்கார வைத்து ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 233 கிராம். சரி, பருப்பும் காயும்? கூலி வேலை இல்லாத வாரத்தில்? 1982இல் வந்த சத்துணவும் 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய காலை உணவும் பள்ளி நாட்களைப் பார்த்துக்கொள்கின்றன. மே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பக்கத்துப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளரிடம் மாணவர்களே போய்க் கேட்டு வரட்டும்.