பழைய அசாஹி பென்டக்ஸ் கமராவின் வயதை அறிந்து, மலையகத்து ஈரத்திலிருந்து காப்பது எப்படி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து வீட்டு அலுமாரியில் அப்பாவோ மாமாவோ விட்டுச்சென்ற அசாஹி பென்டக்ஸ் கமரா இருந்தால், துடைக்கத் தொடங்குமுன் அது எக்காலத்தது என்று பாருங்கள். எதை எப்படிக் கையாள வேண்டும் என்பது அந்த வயதைப் பொறுத்தது.

முதலில் வில்லையைக் கழற்றுங்கள். போத்தல் மூடியைப் போலப் பலமுறை திருகினால்தான் கழலும் என்றால், அது பெரும்பாலும் 1975க்கு முற்பட்டது. 1919இல் டோக்கியோவில் மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யத் தொடங்கிய அசாஹி நிறுவனம், 1952இல் ஜப்பானின் முதல் 35 மி.மீ. ஒற்றைவில்லைப் பிரதிபலிப்புக் (SLR) கமராவான அசாஹிபிளெக்ஸை வெளியிட்டு, 1957இல் பென்டக்ஸ் என்ற பெயரை அறிமுகப்படுத்தி, 1964இல் வில்லையினூடாக வரும் ஒளியையே அளக்கும் ஸ்பொட்மட்டிக்கைத் தந்தது. பக்கத்துச் சிறு பிடியை அமுக்கிச் சற்றே திருப்பியதும் வில்லை கழன்றால், அது 1975இல் வந்த கே வகைப் பொருத்தம். அநேகமாக 1976 முதல் 1997 வரை தயாரான கே1000 ஆக இருக்கும். அதன் நெற்றியில் 'அசாஹி' என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தால், அது முற்காலத்து உருப்படி. ஸ்பொட்மட்டிக்கும் கே1000உம் பற்றரி இல்லாமலே படம் எடுக்கும். பற்றரி ஒளிமானிக்கு மட்டுமே. கே1000இல் ஒளிமானியை நிறுத்த ஆளி இல்லாததால், பற்றரி வீணாகாதபடி வில்லை மூடியைப் போட்டே வையுங்கள்.

அடுத்து, இருட்டறையில் வில்லையின் பின்னாலிருந்து டோர்ச் அடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளைத்திருப்பது பூஞ்சணம்; அதைத் திறமையான திருத்துநரிடம் விட்டுவிடுங்கள். கண்ணாடி முழுவதும் தேநீர்ச் சாயம்போல மஞ்சளித்திருந்தால் அது பூஞ்சணம் அல்ல. அசாஹியின் 'தகுமார்' என்ற பெயருள்ள 50 மி.மீ. வில்லைகள் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் அப்படி மாறும். கமராவிலிருந்து கழற்றி, அலுமினியத் தாளின்மேல் வைத்துச் சில வாரங்கள் வெயில் காட்டினால் தெளியும். குவியும் வெயில் தீப்பற்ற வைக்கும் என்பதால், துணியோ கடதாசியோ அருகில் இருக்கக் கூடாது.

தோல் உறைக்குள் மட்டும் திரும்ப வைக்காதீர்கள். அதை அழகென்று நினைத்து ஒரு மழைக்காலம் முழுவதும் அதற்குள் வைத்த என் வில்லையின் ஓரமெல்லாம் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. தோல், மிஸ்ட் இறங்கும் நாட்களின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளுடன் வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கிறதா என்று சிறு ஈரமானியால் பாருங்கள். மணிகள் நிறம் மாறினால் வறட்டியெடுத்து மீண்டும் போடுங்கள்.