ஏலகிரி ஏறும் ஆட்டோமேட்டிக் பிக்கப்: கியர்பாக்ஸ் சூட்டைக் கவனிப்பது எப்படி?

வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில், லோடோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் முதலில் சூடேறுவது கியர்பாக்ஸ் ஆயில். டேஷ்போர்டு முள் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைத்தான் காட்டும், அதை நம்பாதீர்கள். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் கருவி) மாட்டி ஆயில் சூட்டைத் தனியாகப் பாருங்கள். 80 முதல் 95 டிகிரி வரை பயமில்லை. 110ஐத் தொட்டால் மேனுவல் மோடில் ஒரு கியர் இறக்குங்கள். சூடு பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வழுக்குவதால் வருவது. கியர் இறங்கினால் வழுக்கலும் குறையும். 120ஐத் தாண்டினால் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். அணைத்தால் பம்ப் நிற்கும், ஆயில் கூலருக்குப் போகாது.

ரீமேப் (கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றி வண்டியின் சக்தியைக் கூட்டுவது) ஆசை இருந்தால் ஒன்று: எஞ்சின் டார்க்கை (சுழற்றும் விசையை) மட்டும் கூட்டினால், முன்பிருந்த அதே ஆயில் அழுத்தத்தில் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தீயும். கியர்பாக்ஸ் மேப்பையும் (அதன் கம்ப்யூட்டர் செட்டிங்கையும்) சேர்த்து மாற்றாதவரிடம் வண்டியைக் கொடுக்கவே வேண்டாம். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு கியர்பாக்ஸ் ஆயில் விட்டு முகர்ந்து பாருங்கள். கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் தட்டு போய்க்கொண்டிருக்கிறது. ஆரணி அரிசி ஆலைகளுக்குள் போய்வரும் வண்டியா? கூலர் இடுக்கில் உமித்தூசி அடைத்திருக்கும். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து எடுங்கள்.